வாடகை தண்டிய ஓவியர்

ஓவியம் என்ற அளவில் மனக்கண் முன் தோன்றுவன எவை? பனி மூடிய மலைமுகடு, தாமரை பூத்த பொய்கை, அரியணையில் வீற்றிருக்கும் மன்னன், அணி பூண்ட நங்கை முதலிய காட்சிகளே. புகை படிந்த செங்கற் சுவர்களும், ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் சிறு வீடுகளும், அவற்றின் வாயிலில் கூடி நிற்கும் எளிய மக்களும் தூரிகைக்கு ஏற்ற பொருள்களாகுமோ என்று பலரும் ஐயுறுவர். அவ்வாறு ஐயுற்றவர் நடுவே, அக்காட்சிகளையே நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தீட்டிப் புகழ் பெற்றவர் ஒருவர் உண்டு. இங்கிலாந்து நாட்டு ஓவியராகிய லாரன்ஸ் ஸ்டீபன் லௌரி என்பவரே அவர். அவ்வீடுகளை அவர் அறிந்த முறையும் புதுமையானது. கலைஞர் சிலர் ஏழையர் வாழும் தெருக்களைக் காண ஒருநாள் சென்று மீள்வர். லௌரியோ நாள்தோறும் அத்தெருக்களில் நடந்தார்; கணக்கேட்டைக் கையில் ஏந்திக் கதவைத் தட்டினார்; கொடுத்த காசைப் பெற்றுக்கொண்டு அடுத்த கதவுக்குச் சென்றார். வாடகை தண்டுவது அவருடைய தொழில்.

அவ்வீடுகள் எழுந்த வரலாற்றை முதற்கண் அறிதல் வேண்டும். இங்கிலாந்தின் வடமேற்கே லங்காஷயர் என்னும் பகுதியில் மான்செஸ்டர் நகரம் உள்ளது. கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று வழங்குவது இந்நகரை எண்ணியே ஆகும். மான்செஸ்டரையும் அதன் அண்டை நகரான சால்போர்டையும் இர்வெல் என்னும் சிற்றாறு பிரிக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் நீராவிப் பொறியால் இயங்கும் பஞ்சாலைகள் அவ்விரு நகரங்களிலும் எழலாயின. நாட்டுப்புறங்களிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் மக்கள் வேலை தேடி வந்து குவிந்தனர். 1851-ஆம் ஆண்டில் மான்செஸ்டரின் மக்கள்தொகை ஏறத்தாழ 3 இலட்சமாயிற்று. வந்தவர்க்கெல்லாம் உறைவிடம் வேண்டுமே! பொருள் ஈட்டும் நோக்கம் ஒன்றே உடைய சிலர், குறைந்த செலவில், குறைந்த இடத்தில், நூற்றுக்கணக்கான வீடுகளை வரிசை வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டனர்.

அவ்வரிசை வீடுகளின் அமைப்பைக் கூர்ந்து நோக்கினால் பல உண்மைகள் விளங்கும். ஒரு வீட்டின் பக்கச் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவர். இதனால் செங்கல் மிச்சமாயிற்று. கீழே இரண்டு அறைகள், மேலே இரண்டு அறைகள் என்பதே பெரும்பாலான வீடுகளின் அளவு. முன்வாயிலைத் திறந்தால் தெருவில்தான் கால் வைக்க வேண்டும். திண்ணையும் இல்லை, முற்றமும் இல்லை. பின்புறத்தில் சிறியதொரு வெளியிடம். அதன் மூலையில் கழிப்பிடம். அதற்கப்பால் ஒடுங்கிய சந்து. ஒவ்வொரு வீட்டின் கூரையிலும் நிலக்கரிப் புகை கக்கும் குழாய்கள். அவற்றுக்கெல்லாம் மேலாக வானளாவி நின்றன ஆலைகளின் புகைபோக்கிகள். சுவர்கள் கட்டிய சில ஆண்டுகளிலேயே கரியேறிக் கறுத்தன. 1842 முதல் 1844 வரை மான்செஸ்டரில் தங்கியிருந்த பிரெடரிக் எங்கெல்சு, அந்நகரத் தொழிலாளரின் குடியிருப்புகளைக் கண்டு மனம் நொந்து, அவர்தம் நிலையைப் பற்றித் தனி நூலே எழுதி 1845-இல் வெளியிட்டார்.

எனினும் அம்மக்கள் தூய்மையை மறந்தவரல்லர். பெண்டிர் தத்தம் வாயிற்படியை நீர்விட்டுத் தேய்த்துக் கழுவுவர். பின்னர், கல்தூளும் சிமிட்டியும் கலந்து செய்த ஒருவகைக் கட்டியால் படியின் ஓரத்தில் வெளிர்நிறக் கோடு இழுப்பர். கந்தைத் துணி வாங்க வரும் வண்டிக்காரர் துணிக்கு மாற்றாக அக்கட்டியைக் கொடுத்துச் செல்வதுண்டு. வாயில் தெளித்துக் கோலமிடும் நாட்டினர்க்கு அவ்வழக்கத்தின் பொருளை விளக்க வேண்டுவதில்லை. அவர்கள் நெய்த துணிதான் கடல் கடந்து வந்து இந்திய நாட்டுக் கைத்தறியாளரின் பிழைப்பைக் கெடுத்தது. ஆயினும், அதனை நெய்தவரும் செழித்து வாழ்ந்திலர். 1931-ஆம் ஆண்டில் லங்காஷயருக்குச் சென்ற காந்தியடிகள் அவ்வாலைத் தொழிலாளரைச் சந்தித்து உரையாடினார்.

லௌரி 1887-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாளன்று, மான்செஸ்டரை அடுத்த ஸ்டிரெட்போர்டில் பிறந்தார். தந்தையார் நிலம், வீடு முதலியவற்றைக் கவனிக்கும் அலுவலகம் ஒன்றில் எழுத்தர், அமைதியானவர். தாயார் எலிசபெத்து பியானோ இசைப்பதில் வல்லவர். உயர்ந்த வாழ்வை விரும்பியவர். பெண் மகவை எதிர்பார்த்திருந்த அவ்வம்மையார்க்கு ஆண் குழந்தை பிறந்தது ஏமாற்றமாகவே இருந்தது. லௌரி அவர்களுக்கு ஒரே பிள்ளை. மரங்கள் அடர்ந்த விக்டோரியா பார்க்கு என்னும் பகுதியில் அக்குடும்பம் சில ஆண்டுகள் வாழ்ந்தது. ஆனால், பொருள்முடை வந்துற்றது. 1909-ஆம் ஆண்டில் அவர்கள் சால்போர்டை அடுத்த பெண்டில்பரி என்னும் ஆலை ஊருக்குக் குடிபெயர நேர்ந்தது. ஸ்டேஷன் ரோடு என்னும் தெருவில் 117-ஆம் எண்ணுள்ள வீட்டில் அவர்கள் குடியேறினர். தாயார் அவ்வூரை வெறுத்தார். கடைசிவரையில் அவ்வெறுப்பு அவரை விட்டு நீங்கவில்லை.

மகனும் முதலில் வெறுத்தார். பின்னர் அவ்வூரைக் கவனியாதிருந்தார். அதன் பின்னரோ அதனையன்றி வேறொன்றையும் காண இயலாத நிலையை அடைந்தார். இம்மாற்றம் நிகழச் சில ஆண்டுகள் ஆயின. 1916-ஆம் ஆண்டில் ஒருநாள் அவர் பெண்டில்பரி நிலையத்தில் தொடர்வண்டியைத் தவறவிட்டார். படிக்கட்டின் மேல் நின்று நோக்கியபோது எதிரே அக்மே நூற்பாலை தெரிந்தது. மாலை நேரம், ஆலை விட்டது. விளக்கொளி வீசும் சாளரங்கள் வரிசையாகத் தோன்ற, வேலை முடிந்த ஆடவரும் பெண்டிரும் வெள்ளமெனத் தெருவில் பெருகினர். ஆயிரம் முறை கண்ட காட்சிதான். அன்று அது புதிதாகத் தோன்றியது. இதனை ஏன் ஒருவரும் ஓவியமாகத் தீட்டவில்லை என்னும் வினா அவர் உள்ளத்தில் எழுந்தது. இந்நிகழ்ச்சியை அவர் முதுமையில் பலரிடம் பலவாறு கூறியுள்ளார். ஒரு மாலைப்பொழுதிலேயே ஒருவர் ஓவியராகிவிடுவதில்லை. அதற்கு முன்னும் பின்னும் நெடுங்காலப் பயிற்சி இருந்தது.

அப்பயிற்சி முழுவதும் மாலை வகுப்புகளில் பெற்றதாகும். பள்ளிப் படிப்பு முடிந்ததும் 1904-இல் கணக்கர் அலுவலகம் ஒன்றில் லௌரி எழுத்தராக அமர்ந்தார். 1905-ஆம் ஆண்டு முதல் மான்செஸ்டர் நகராட்சிக் கலைப்பள்ளிக்கு மாலையில் சென்று பயின்றார். அங்கே அடால்ப் வாலெத் என்னும் பிரெஞ்சு ஆசிரியர் கற்பித்தார். மூடுபனியும் புகையும் கலந்த மான்செஸ்டர்த் தெருக்களைத் தாமே வண்ணத்தில் தீட்டியவர் அவர். தொழில்நகரமும் ஓவியத்திற்கு உரிய பொருளாகும் என்பதை லௌரி முதலில் கண்டது அவ்வாசிரியரிடத்திலேயே எனலாம். 1915-இல் தொடங்கிப் பத்தாண்டுகள் போலச் சால்போர்டுக் கலைப்பள்ளியிலும் அவர் மாலை நேரங்களில் பயின்றார். இவ்வாறு ஏறத்தாழ இருபது ஆண்டுகள், பகலெல்லாம் உழைத்த களைப்போடு, அவர் மாணவராக இருந்தார். தாமே கற்ற நாட்டுப்புற ஓவியர் என்று அவரைப் பிற்காலத்தில் சிலர் கூறியது பெருந்தவறு.

1910-ஆம் ஆண்டில் அவர் பால் மால் சொத்து நிறுவனத்தில் வேலைக்கு அமர்ந்தார். அலுவலகத்தில் கணக்கெழுதுவதும், வெளியே சென்று வாடகை தண்டுவதும் அவர் கடமைகள். உயரமான உருவம்; நீண்ட மேலங்கி; தலையில் தொப்பி; கையில் ஏடு. மான்செஸ்டரின் ஏழைத் தெருக்களில் இவ்வுருவம் நடந்து செல்வதை மக்கள் நன்கு அறிவர். வாடகை தண்டுபவர் காண்பவை பிறர் காண்பவை அல்ல. கதவு திறக்கும் நேரத்தைக் கொண்டே அவ்வீட்டின் நிலையை அவர் உணர்வார். காசை எடுத்து வைத்துக் காத்திருப்பவர் ஒருவர். அடுத்த வாரம் தருவதாகக் கெஞ்சுபவர் மற்றொருவர். உள்ளிருந்துகொண்டே இல்லையென்று குழந்தையைச் சொல்ல வைப்பவர் வேறொருவர். வாசல்தோறும் நின்ற லௌரி இவற்றை மனத்தில் வாங்கினார். நெஞ்சில் தைத்த உருவம் ஒன்றைக் கண்டால், சட்டைப்பையில் உள்ள பழைய உறையையோ துண்டுத்தாளையோ எடுத்து அங்கேயே வரைந்துகொள்வார்.

இரவில் வீடு திரும்பியபின் அக்குறிப்புகள் ஓவியங்களாயின. தொடக்கத்தில் அவருடைய ஓவியங்கள் இருண்டிருந்தன. சால்போர்டுக் கலைப்பள்ளியில் ஆசிரியராகவும், 'மான்செஸ்டர் கார்டியன்' இதழின் கலைத் திறனாய்வாளராகவும் விளங்கிய பெர்னார்டு டெய்லர் என்பவரிடம் அவர் தம் ஓவியத்தைக் காட்டினார். டெய்லர் அதனை வாங்கிக் கறுத்த சுவரொன்றின் முன் பிடித்தார். ஓவியம் சுவரோடு சுவராக மறைந்துவிட்டது! மனிதர் தெளிவாகத் தோன்றுமாறு தீட்டுக என்று அவர் அறிவுறுத்தினார். லௌரி சினங்கொண்டே வீடு திரும்பினார். வேண்டுமென்றே வெள்ளைவெளேரென்ற பின்புலத்தில் சில ஓவியங்களைத் தீட்டிக்கொண்டு மீண்டும் சென்றார். டெய்லர் அவற்றைப் பார்த்து, தாம் விரும்பியது இதுவே என்றாராம். ஊடலில் பிறந்த அவ்வெள்ளையே பின்னர் லௌரி ஓவியங்களின் தனி அடையாளமாயிற்று.

அவ்வெள்ளையைப் பற்றி அவர் மேலும் ஆராய்ந்தார். ஒரு பலகையில் ஈயவெள்ளையைப் பல பூச்சுகளாகப் பூசி, மூடிச் சில ஆண்டுகள் அப்படியே வைத்திருந்தார். பின்னர்ப் புதிதாகப் பூசிய பலகையின் அருகே அதனை வைத்து ஒப்பிட்டார். பழைய வெள்ளை, பாலேடு போலவும் சாம்பல் போலவும் மெல்லிய நிறம் ஏறியிருந்தது. இன்று தீட்டும் ஓவியம் தாம் கருதிய நிறத்தை அடையப் பல ஆண்டுகள் ஆகும் என்று அவர் தெளிந்தார். அவர் பயன்படுத்திய வண்ணங்கள் ஐந்தே: கருமை, இரத்தச் சிவப்பு, பிரஷ்ய நீலம், காவி மஞ்சள், ஈயவெள்ளை. இவ்வைந்தையும் கொண்டே வாழ்நாள் முழுவதும் தீட்டினார். தூரிகையின் முனையேயன்றி அதன் அடிக்காம்பு, விரல், குச்சி, ஆணி முதலியனவும் அவருக்குக் கருவிகளாயின.

1921-ஆம் ஆண்டில் மான்செஸ்டரில் வேறு இருவரோடு சேர்ந்து அவர் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். டெய்லர் அவற்றைப் பாராட்டி எழுதினார். விலைபோனது ஒன்றே, ஏழையர் தங்கும் விடுதி ஒன்றைக் காட்டும் ஓவியம் அது. விலை 5 பவுன்.

அவருடைய சிறந்த படைப்புகள் சிலவற்றைக் காண்போம். 1927-இல் தீட்டிய 'ஆர்ட்சால் லேன் குடியிருப்புகள்' என்னும் ஓவியம் சால்போர்டில் இருந்த அடுக்குக் குடியிருப்பு ஒன்றைக் காட்டுகிறது. ஓவியத்தின் பெரும்பகுதியைக் கட்டடமே நிரப்பி நிற்கிறது. ஒரே அளவான சாளரங்கள் வரிசையாக அமைந்துள்ளன. கீழே தெருவில் சிறு சிறு உருவங்களாக மக்கள். கட்டடம் பெரிது, மனிதன் சிறியவன் என்னும் எண்ணம் காண்பவர்க்குத் தானே தோன்றும். ஆயினும், அச்சிறு உருவங்களின்றிக் கட்டடத்தைக் கண் நெடுநேரம் நோக்குவதில்லை. திரும்பத் திரும்ப மனிதரிடமே வந்து நிற்கிறது.

1928-இல் தீட்டிய 'வீடு பெயர்தல்' என்னும் ஓவியத்தில் ஒரு குடும்பத்தின் தட்டுமுட்டுப் பொருள்கள் தெருவில் குவிந்து கிடக்கின்றன. அக்கம்பக்கத்தார் கூடி நின்று பார்க்கின்றனர். வாடகை செலுத்த இயலாதவர்க்கு நேர்வது யாது என்பதை, வாடகை தண்டுபவரை விட நன்கு அறிந்தவர் எவர்? 1935-இல் எழுந்தது 'காய்ச்சல் வண்டி'. வரிசை வீடுகள் நிறைந்த தெருவில் ஒரு வீட்டு வாசலில் மருத்துவமனை வண்டி நிற்கிறது. தொண்டை அடைப்பான், செங்காய்ச்சல் முதலிய தொற்றுநோய்கள் குழந்தைகளைக் கொள்ளை கொண்ட காலம் அது. நோயாளியை ஓவியர் காட்டவில்லை. வண்டியையும் சிறியதாகவே காட்டியுள்ளார். தெரு தன் வேலையைத் தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. 1926-இல் தீட்டிய 'ஒரு விபத்து' என்பதிலும் கூட்டத்தின் முதுகுகளைத்தான் காண்கிறோம். நேர்ந்தது யாதென்று தெரியவில்லை. துயரத்தை நேரே காட்டாமல், அதனைச் சூழ்ந்து நிற்பவரைக் காட்டுவது லௌரியின் வழி. இவ்வோவியத்தை 1930-ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரக் கலைக்கூடம் வாங்கியது. பொதுக் கலைக்கூடம் ஒன்றில் இடம்பெற்ற அவருடைய முதல் ஓவியம் இதுவே.

அவர் தீட்டிய மனிதரைத் தீக்குச்சி மனிதர் என்று எள்ளியவர் உண்டு. மெலிந்த கால்கள், முன்னோக்கி வளைந்த உடல், பெரிய காலணி என அவ்வுருவங்கள் முதற்பார்வையில் ஒன்றுபோலவே தோன்றும். அருகே சென்று பார்த்தால் உண்மை விளங்கும். ஒருவன் நேரமாயிற்று என்று விரைகிறான். ஒருத்தி குழந்தையை இழுத்துக்கொண்டு நடக்கிறாள். கிழவர் ஒருவர் தடியூன்றி நின்றுவிட்டார். நாயொன்று எவரையும் சாராமல் தன்வழியே போகிறது. நடையைக் கொண்டே மனநிலையைக் காட்டும் ஆற்றல் அவருக்கு இருந்தது. அவருடைய ஓவியங்களில் நிழல் விழுவதில்லை. வெயில், மழை என்னும் வேறுபாடும் அரிது. எந்நாளும் ஒரேவிதமான வெளிறிய வானமே. இயற்கை அறிந்தவர் இதனைக் குறை என்பர். ஆனால், புகை மண்டிய அவ்வூரில் கதிரவன் நிழலை எங்கே கண்டிருக்க முடியும் என்று விடை கூறலாம்.

லௌரியைச் சீர்திருத்தக்காரர் என்று கொள்வது பொருந்தாது. ஏழையர்க்கு நல்ல வீடு கட்டித் தருக என்று அவர் எழுதவோ பேசவோ முற்படவில்லை. அத்தெருக்களில் அழகு கண்டவர் அவர். தம் தனிமையையே அங்குக் கண்டதாகவும், தனியராக இல்லாதிருந்தால் தாம் கண்டவற்றைக் கண்டிருக்க முடியாது என்றும் அவர் கூறியதுண்டு. அவர் தீட்டிய கூட்டங்களில் ஒருவரோடொருவர் பேசுவோர் மிகச் சிலரே. நூறு பேர் நடக்கின்றனர். நூறு பேரும் தனித்தனியே நடக்கின்றனர்.

அத்தனிமை அவர் வீட்டிலேயே தொடங்கியது. 1932-இல் தந்தையார் கடன்களை விட்டு இறந்தார். மனமுடைந்த தாயார் படுக்கையில் கிடந்து, பின்னர் எழவே இல்லை. ஏழாண்டுகள் மகனே அவருக்குப் பணிவிடை செய்தார். பகலில் வாடகை தண்டுதல். மாலையில் தாய்க்கு உணவூட்டல், படித்துக் காட்டல். அவர் உறங்கியபின், இரவு 10 மணிக்கு மேல் தூரிகையை எடுத்துப் பின்னிரவு 2 மணி வரை தீட்டுவார். கடற்கரையில் பாய்மரப் படகுகளைத் தீட்டிய ஓவியம் தாயார்க்குப் பிடித்திருந்தது. ஆலைகளையும் செங்கல் வீடுகளையும் தீட்டியவற்றை அவர் ஒருநாளும் விரும்பவில்லை. 1938-இல் லௌரி தீட்டிய மனித முகம் ஒன்று உண்டு. சிவந்த கண்கள், உறங்காத பார்வை. கண்ணாடியில் தம்மைக் கண்டே அதனைத் தொடங்கியதாக அவர் கூறினார்.

அதே ஆண்டில் நற்பேறு வந்தது. இலண்டன் நகரில் ஓவியங்களுக்குச் சட்டமிடும் கடையில் அவர் ஓவியங்கள் சில கிடந்தன. அங்கு வேறு வேலையாக வந்த மக்நீல் ரீடு என்னும் கலைக்கூட உரிமையாளர் தற்செயலாக அவற்றைக் கண்டு வியந்தார். 1939-ஆம் ஆண்டில் லௌரியின் ஓவியங்கள் இலண்டனில் தனிக் காட்சியாக வைக்கப்பட்டன. 'ஆர்ட்சால் லேன் குடியிருப்புகள்' என்னும் ஓவியத்தை நாட்டின் புகழ்மிக்க டேட் கலைக்கூடம் அவ்வாண்டிலேயே வாங்கியது. அப்பொழுது அவருக்கு வயது 51. அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் தாயார் மறைந்தார். யாருடைய பாராட்டை அவர் நாடினாரோ அவர் இல்லாமற் போனார். மறு ஆண்டில் தாயாரின் படுக்கையறையை அவர் தீட்டினார். வெற்றுக் கட்டிலும், அறையின் பொருள்களும் மட்டுமே அதில் உள்ளன. தெருவையே தீட்டி வந்தவர் ஒரு வீட்டின் உள்ளே நுழைந்து தீட்டிய அரிய ஓவியம் அது.

இரண்டாம் உலகப் போரின்போது மான்செஸ்டரில் குண்டுகள் விழுந்தன. உயர்ந்த கடைகளின் கூரைமேல் நின்று தீயைக் கண்காணிக்கும் தொண்டில் லௌரி ஈடுபட்டார். பொழுது விடிந்ததும் முதல் ஆளாக இறங்கிச் சென்று, புகை அடங்குமுன் இடிந்த கட்டடங்களை வரைந்துகொள்வார். 1943-இல் அரசினர் போர்க்கால ஓவியருள் ஒருவராகவும் பணியாற்றினார். 1948-இல் பெண்டில்பரியை விட்டு, செஷயர்ப் பகுதியில் மாட்டிரம் என்னும் ஊரில் ஒரு வீட்டை வாங்கிக் குடியேறினார். அவ்வீடு தமக்குப் பிடிக்கவில்லை என்று அடிக்கடி சொல்லியும், இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. அயல்நாடு எதற்கும் சென்றதில்லை.

புகழ் வளர்ந்தபின்னும் அவர் தம் தொழிலை விடவில்லை. தலைமைக் காசாளராக உயர்ந்து, 1952-ஆம் ஆண்டில் 65 வயது நிரம்பியபோதுதான் ஓய்வு பெற்றார். 42 ஆண்டுப் பணி! இதனைப் பத்திரிகையாளரிடமும் கலையுலகத்தாரிடமும் அவர் முற்றும் மறைத்தார். ஓய்வுநேரத்தில் பொழுதுபோக்காகத் தீட்டுபவர் என்று தம்மைத் தாழ்வாக மதிப்பர் என அஞ்சியதே காரணம். அவர் இறந்த பின்னரே உலகம் இச்செய்தியைப் பரவலாக அறிந்தது. 1962-இல் அரசக் கலைக்கழகத்தின் முழு உறுப்பினரானார். ஆனால், அரசு அளிக்க முன்வந்த விருதுகளை 1955, 1961, 1968, 1972, 1976 ஆகிய ஆண்டுகளில் ஐந்து முறை மறுத்துவிட்டார். 1968-இல் மறுத்தது 'சர்' பட்டமாகும். தாயார் மறைந்தபின் இவற்றுக்கெல்லாம் பொருளில்லை என்பது அவர் கருத்து.

இதற்கிடையே அவர் தீட்டிய தெருக்கள் மறையத் தொடங்கின. நலமற்ற வீடுகளை இடித்துப் புதியன கட்டும் திட்டம் 1950-களிலும் 1960-களிலும் சால்போர்டில் விரைந்து நடைபெற்றது. தெருத்தெருவாக வீடுகள் தரைமட்டமாயின. அவ்விடங்களில் பல மாடிக் கட்டடங்கள் எழுந்தன. 1956-இல் நிறைவேறிய தூய காற்றுச் சட்டத்தால் புகையும் படிப்படியாகக் குறைந்தது. குளியலறையும் வெந்நீரும் உள்ள வீட்டை அடைந்த பெண்டிர் மகிழ்ந்தனர். அதனைக் குறை கூற எவர்க்கும் உரிமை இல்லை. எனினும், படியைக் கழுவிக்கொண்டே அண்டை வீட்டாரோடு பேசிய வாழ்க்கை மாடிகளின்மேல் அமையவில்லை என்று வருந்தியவரும் பலர். லௌரியும் மெல்ல மெல்ல அத்தெருக்களை விட்டு விலகினார். வடகிழக்குக் கரையில் சண்டர்லாந்து நகரை அடுத்த சீபர்ன் என்னும் ஊருக்குச் சென்று, சாளரத்தின் வழியே கடலைப் பார்த்திருப்பார். மேலே வெள்ளை வானம், கீழே வெள்ளை நீர், நடுவே ஒரு கோடு. அவருடைய பிற்காலக் கடல் ஓவியங்கள் சிலவற்றில் இவ்வளவே உண்டு.

1976-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 23-ஆம் நாள், 88 வயதில், கிளாசப் நகர மருத்துவமனையில் அவர் காலமானார். மான்செஸ்டர்க் கல்லறைத் தோட்டத்தில் பெற்றோருக்கு அருகே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பர்த் திங்களில் இலண்டனில் அரசக் கலைக்கழகம் அவருடைய ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தபோது மக்கள் பெருந்திரளாக வந்து கண்டனர்.

சால்போர்டின் கப்பல்துறைகள் 1982-இல் மூடப்பட்டன. அவ்விடத்தில் லௌரியின் பெயரால் ஒரு கலைமாளிகை 2000-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 400 படைப்புகளை அது பேணி வருகிறது. 1953-இல் அவர் தீட்டிய 'ஆட்டம் காணச் செல்லுதல்' என்னும் ஓவியம் 2022-ஆம் ஆண்டில் ஏலத்துக்கு வந்தது. வேலை நாள்களின் களைப்பை மறந்து, போல்டன் நகரக் கால்பந்துத் திடலை நோக்கி மக்கள் திரண்டு செல்லும் காட்சி அது. திடலுக்கப்பால் வரிசை வீடுகளும் ஆலைகளும் தெரிகின்றன. தனியார் கைக்குச் சென்றால் மக்கள் பார்வைக்கு எட்டாமற் போகுமே என்று கருதி, அக்கலைமாளிகையே 78 இலட்சம் பவுன் கொடுத்து அதனை வாங்கியது.

அங்கு வரும் முதியவர் சிலர், தாம் பிறந்த தெருவை அவ்வோவியங்களில் தேடுவதுண்டு. பல வேளைகளில் அது கிடைப்பதில்லை. ஓரிடத்துப் புகைபோக்கி, வேறோர் இடத்துக் கோயில் கோபுரம், மற்றோர் இடத்து வரிசை வீடு என்று தாம் கண்டவற்றையெல்லாம் வெற்றுக் கித்தானின்மேல் இணைத்தே லௌரி பல தெருக்களை ஆக்கினார். அவை எந்நகர வரைபடத்திலும் இருந்தனவல்ல. ஆயினும், வாயிற்படியின் ஓரத்தையும், கதவின் அருகே நிற்கும் பெண்ணையும் சுட்டிக்காட்டி, இது எங்கள் வீடுதான் என்று அவர்கள் பேரக்குழந்தைகளிடம் கூறுவர்.